புது லேப்டாப்ல பச்சைப் புள்ளி: தேய்க்கிறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் தேதியப் பாருங்க

நீங்க எழுதினதச் சுருக்கினா இதுதான்: லேப்டாப் வந்து நாலு நாள் ஆச்சு, ராத்திரி லைட்ட அணைச்சிட்டுப் படம் பாக்கும்போது கருப்பா இருக்கிற இடத்துல, நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கமா, ஊசி முனை அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. காலைல வெள்ளையா ஒரு டாக்குமெண்ட் திறந்து பாத்தா அந்தப் புள்ளியக் காணோம். ஒரு ஃப்ரெண்டு மெத்துனு ஒரு துணிய விரல்ல சுத்தி அழுத்தித் தேய்ச்சா போயிடும்னு சொல்றார், இன்னொருத்தர் கலர் கலரா மின்னுற வீடியோவ விடிய விடிய ஓடவிடச் சொல்றார், எது வேலை செய்யும்னு கேக்குறீங்க. கடைசி வரில "ஒரு புள்ளிக்காகப் போய்த் திருப்பிக் குடுக்கறதா"ன்னு தயங்கி எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுதான் பெரிய கேள்வியாத் தெரியுது, ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன்.

நான் லேப்டாப் சர்வீஸ்ல, அதுலயும் பெரும்பாலும் டிஸ்ப்ளே மாத்துற வேலைல பல வருஷமா இருக்கேன். பேனல், அதாவது படம் தெரியற அந்த ஸ்கிரீன் பலகை, அத தயாரிக்கிற ஃபேக்டரில வேலை பாத்ததில்ல, அதனால உங்க ஸ்கிரீன்ல அந்த ஒரு பிக்சலுக்குள்ள என்ன ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா இந்த மாதிரி புள்ளியோட வந்த மெஷினும் பாத்திருக்கேன், அந்தப் புள்ளியத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பேனலையே கெடுத்துட்டு வந்த மெஷினும் பாத்திருக்கேன். அதனால முதல்ல பதில்: அழுத்தாதீங்க. ரிட்டர்னுக்குக் கடைசி நாள் எதுன்னு இன்னைக்கே பாத்துக் குறிச்சு வைங்க. மின்னுற வீடியோவ ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பாக்கலாம், தப்பில்ல. போகலேன்னா அந்தத் தேதிக்குள்ள மெஷினை மாத்திக்குங்க. ஏன் இந்த வரிசைன்னுதான் இனிமே சொல்லப் போறது எல்லாம்.

கருப்புல தெரியுது வெள்ளைல தெரியலைன்னு சொன்னீங்க இல்லையா, அந்த ஒரு விஷயத்துலயே பாதி பதில் இருக்கு. ஸ்கிரீன்ல ஒவ்வொரு பிக்சலும் மூணு சின்னத் துண்டு, சிவப்பு, பச்சை, நீலம், இதுக்கு சப்பிக்சல்னு பேரு. எல்சிடின்னா பின்னாடி பேக்லைட் எப்பவும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ஒவ்வொரு சப்பிக்சலும் ஒரு கதவு மாதிரி, லிக்விட் கிரிஸ்டல் திரும்புற விதத்தப் பொறுத்து வெளிச்சத்த விடும் இல்ல தடுக்கும், எவ்வளவு திரும்பணும்னு சொல்றதுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு டிரான்சிஸ்டர். உங்க ஸ்கிரீன் 1920-க்கு 1080-ன்னா மொத்தம் 20,73,600 பிக்சல், அதை மூணால பெருக்கினா 62,20,800 கதவு. அதுல ஒரே ஒரு பச்சைக் கதவு மூடாம திறந்தே நிக்குது, அவ்வளவுதான் நடந்திருக்கு. வெள்ளை காட்டும்போது மூணும் திறந்துதான் இருக்கணும், அதனால அங்க தப்பு தெரியாது. கருப்புல எல்லாம் மூடணும், அப்போ இது மட்டும் காட்டிக் குடுத்துடுது.

இதத்தான் ஸ்டக் பிக்சல்னு சொல்றாங்க. டெட் பிக்சல் வேற, அது எந்தக் கலர்லயும் எரியாம கருப்பாவே நிக்கும். இப்போ லேப்டாப்ல ரொம்பப் பரவலா இருக்கிற ஐபிஎஸ் பேனல்ல வோல்டேஜ் இல்லேன்னா கதவு மூடியிருக்கும், அதனால கரண்டே போகாத சப்பிக்சல் கருப்பாத் தெரியும். பழைய டிஎன் பேனல்ல அப்படியே தலைகீழ், வோல்டேஜ் இல்லேன்னா திறந்திருக்கும், அங்க செத்துப் போனதே வெளிச்சமாத் தெரியும். ஆக உங்களோடது ஐபிஎஸ்ன்னா, போகக் கூடாத வோல்டேஜ் அந்த இடத்துக்கு எப்பவும் போய்க்கிட்டு இருக்கலாம், இல்ல கிரிஸ்டல் திரும்பின நிலையிலயே நிக்கலாம், இல்ல தயாரிப்புல ஒரு துகள் விழுந்து ஏதோ ரெண்டு இடத்த ஒட்டவெச்சிருக்கலாம். இதுல எதுன்னு வெளிய இருந்து கண்ணால பாத்துச் சொல்ல முடியாது, யாராவது சொன்னா அது யூகம்தான். ஏன் இதச் சொல்றேன்னா, மின்னுற வீடியோ சிலருக்கு வேலை செஞ்சு சிலருக்குச் செய்யாததுக்கு இந்த வித்தியாசம் காரணமா இருக்கலாம்.

அதுக்கு முன்னாடி, அது நிஜமாவே பிக்சல்தானான்னு உறுதி பண்ணிக்குங்க, பத்து நிமிஷம் ஆகும். மெஷினை அணைச்சிட்டு மைக்ரோஃபைபர் துணிய லேசா ஈரமாக்கி மெதுவா ஒரு தடவ துடைங்க, சில சமயம் வெறும் தூசிதான், ஒரு துளி எச்சில் பட்டுக் காய்ஞ்சிருந்தாக் கூட அடில இருக்கிற கலரைப் பெருசாக் காட்டி பிக்சல் மாதிரியே ஏமாத்தும். அப்புறம் புள்ளி தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோன்ல போட்டுப் பாருங்க, அதுல புள்ளி வராது, வந்துச்சுன்னா கோளாறு ஸ்கிரீன்ல இல்ல, சாஃப்ட்வேர் பக்கமோ கிராஃபிக்ஸ் பக்கமோ தேடணும். மெஷின் ஆன் ஆகும்போது பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்கிரீனுக்குள்ள, போயும் பாக்கலாம், அங்கயும் அதே இடத்துல நின்னா விண்டோஸ் மேல பழி போட வேண்டியதில்ல. அடுத்தது கலர் டெஸ்ட், இதுதான் முக்கியம்: முழு ஸ்கிரீனுக்கும் ஒரே கலரா கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் இந்த அஞ்சையும் ஒண்ணொண்ணா வைங்க, பெயிண்ட்ல அஞ்சு படம் பண்ணி முழுசாத் திறந்தாலே போதும். பச்சை சப்பிக்சல் எரிஞ்சே நிக்குதுன்னா சிவப்புல அந்த இடம் மஞ்சளாத் தெரியும், நீலத்துல ஒரு வெளிர் நீலப் பச்சையாத் தெரியும், பச்சைலயும் வெள்ளைலயும் காணாமப் போகும். இதுக்கு மாறா வெள்ளைல ஒரு ரோஸ் நிறப் புள்ளி வந்தா பச்சை எரியாமச் செத்திருக்குன்னு அர்த்தம். எல்லாக் கலர்லயும் மங்கலா, ஓரம் தெளிவில்லாம, ஒரு பிக்சலை விடப் பெருசா இருந்தா அது உள்ள மாட்டின தூசியாவோ அழுத்தம் பட்ட தடமாவோ இருக்கும். புள்ளியே இல்லாம மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு கோடா வந்தா அது கேபிள், கனெக்டர், டிரைவர் சிப் சம்பந்தப்பட்டது, இங்க சொல்ற எதுவும் அதுக்குப் பொருந்தாது, நேரா வாரண்டிக்குப் போங்க.

டெஸ்ட் பண்ணும்போதே ஆதாரமும் எடுத்து வெச்சுக்குங்க. ரூமை இருட்டாக்கி, ஸ்கிரீன் பிரைட்னஸக் கொஞ்சம் குறைச்சு, ஃபோனை ஆடாம வெச்சு, கருப்புல ஒண்ணு சிவப்புல ஒண்ணு எடுங்க, முழு ஸ்கிரீனும் தெரியற மாதிரி ஒண்ணு, கிட்டப் போய் ஒண்ணு. ஃபோன் கேமராவுல மேக்ரோ, அதாவது ரொம்பக் கிட்டப் போய் எடுக்கிற வசதி, இருந்தா சப்பிக்சல் தனியாவே தெரியும். சர்வீஸ் சென்டருக்குப் போனா அங்க இருக்கிற டியூப்லைட் வெளிச்சத்துல இந்தப் புள்ளி கண்ணுக்கே படாது, "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னு அனுப்பிடுவாங்க, ஃபோட்டோ இருந்தா அந்தப் பேச்சே வராது.

இவ்வளவு சின்னப் புள்ளி ஏன் இப்படிக் கண்ணை உறுத்துதுன்னு நீங்களே யோசிச்சிருப்பீங்க, வீட்ல மத்தவங்க "எங்க, தெரியலையே"ன்னு சொல்லும்போது நமக்குத்தான் ஏதோ பிரச்சினையோன்னு கூடத் தோணும். இல்ல, அதுக்குக் காரணம் இருக்கு. 15.6 இன்ச் ஸ்கிரீன்ல ஒரு பிக்சல் சுமார் 0.18 மில்லிமீட்டர், அதுல பச்சைத் துண்டோட அகலம் 0.06 மில்லிமீட்டர்தான். ஆனா இருட்டுல எரியற ஒண்ணு எவ்வளவு சின்னதா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும், வானத்துல நட்சத்திரம் தெரியற மாதிரி. அதுக்கு மேல, நம்ம கண்ணு பச்சைக்குத்தான் ரொம்பக் கூர்மை: ஸ்கிரீன்ல வெள்ளை காட்டும்போது நமக்குத் தெரியற வெளிச்சத்துல கிட்டத்தட்ட 72 சதவீதம் பச்சைல இருந்து வருது, சிவப்பு 21, நீலம் வெறும் 7. ஸ்டக் ஆனது நீலமா இருந்திருந்தா மாசக்கணக்கா நீங்க கவனிக்காமலே கூட இருந்திருக்கலாம். அதனால உங்களுக்கு உறுத்துறது நியாயமானது, யாராவது "இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னு கேட்டா அவங்க பேச்சுக்காக நீங்க விட்டுக்குடுக்க வேண்டாம்.

சரி, மின்னுற வீடியோ. ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ்னு பிரவுசர்லயே ஓடுற ஒண்ணு இருக்கு, விண்டோஸுக்கு யூடிபிக்சல் மாதிரி சின்னப் புரோகிராம்களும் இருக்கு, எல்லாம் செய்யறது ஒண்ணுதான், அந்த இடத்துல சிவப்பு பச்சை நீலத்த வேகமா மாத்தி மாத்திக் காட்டி சப்பிக்சலை முழுசாத் திறந்து முழுசா மூடுன்னு திரும்பத் திரும்பச் சொல்றது. இதனால சரியானதா நிறைய பேர் சொல்றாங்க, என் கண் முன்னாடியே ஒண்ணு ரெண்டு போயிருக்கு. ஆனா வீடியோவாலதான் போச்சா, இல்ல சில ஸ்டக் பிக்சல் தானாவே சரியாகுமே அந்த மாதிரியான்னு பிரிச்சுச் சொல்ல வழியில்ல, தானாப் போனதும் உண்டு, போய்ட்டு ஒரு வாரத்துல திரும்பி வந்ததும் உண்டு. "தூங்குற கிரிஸ்டலை எழுப்பி விடுது"ன்னு ஒரு விளக்கம் சுத்திக்கிட்டு இருக்கு, அத அப்படியே நம்பாதீங்க, ஏன்னா எல்சிடில சாதாரணமாவே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வோல்டேஜோட பிளஸ் மைனஸ் மாறிக்கிட்டேதான் இருக்கும், ஒரே திசைல விட்டா கிரிஸ்டல் கெட்டுடும்னு அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க, அதனால அது ஆட்டம் இல்லாமத் தூங்கிட்டெல்லாம் இல்ல. உறுதியாச் சொல்லக்கூடியது ஒண்ணுதான்: டிரான்சிஸ்டரோ எலக்ட்ரோடோ ஷார்ட் ஆகியிருந்தா எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் வீடியோ அத ஒண்ணும் பண்ணாது.

ஓட்டறதா இருந்தா இப்படிப் பண்ணுங்க. சார்ஜரைப் போட்டு, ஸ்கிரீன் தானா அணையாத மாதிரி வெச்சு, முழு ஸ்கிரீனுக்கும் ஓட்டாம, அந்தப் புள்ளி மேல மட்டும் சின்ன விண்டோவா வெச்சு அரை மணி நேரம் விடுங்க, அடுத்த நாள் இன்னொரு தடவ. ரெண்டு மூணு தடவைல போகலேன்னா அதுக்கு மேல நான் நேரம் செலவழிக்க மாட்டேன். ஓடும்போது அத உக்காந்து பாக்காதீங்க, வேற ரூமுக்குப் போயிடுங்க. இது விளையாட்டுக்குச் சொல்லல, செகண்டுக்கு மூணுல இருந்து முப்பது தடவ வரைக்கும் மின்னுற வெளிச்சம் ஃபோட்டோசென்சிடிவ் எபிலெப்ஸி இருக்கிறவங்களுக்கு வலிப்பு வரவைக்கலாம், அப்படி ஒண்ணு தனக்கு இருக்குன்னே தெரியாதவங்களும் வீட்ல இருக்கலாம், முக்கியமா குழந்தைங்க. இன்னொண்ணு, உங்களோடது ஓஎல்இடி ஸ்கிரீன்னா இது எதுவுமே வேண்டாம், அதுல கிரிஸ்டலும் கிடையாது பேக்லைட்டும் கிடையாது, ஒவ்வொரு சப்பிக்சலும் தானே எரியறது, ராத்திரி முழுக்க ஒரு மூலைய மட்டும் முழு வெளிச்சத்துல எரியவிட்டா அந்த இடம் மத்த இடத்த விடச் சீக்கிரம் மங்கிப் போகும்.

இப்போ தேய்க்கிறது. இதுல மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாவே பேசுறேன். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல கிரிஸ்டல் இருக்கிற இடைவெளி 3-ல இருந்து 5 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), தலைமுடி அதவிடப் பல மடங்கு தடிமன். அந்த இடைவெளி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு உள்ள நுணுக்கமான தூண்கள் வெச்சிருப்பாங்க. விரலால அழுத்தும்போது 0.06 மில்லிமீட்டர் இடத்த மட்டும் உங்களால அழுத்த முடியாது, சுத்தி ஆயிரக்கணக்கான பிக்சலையும் சேத்துத்தான் அழுத்தறீங்க. லேப்டாப் மூடி மெல்லிசு, பின்னாடி தாங்கல் கிடையாது, பேனலே வளையும். தொடுதிரைன்னா மேல இன்னொரு கண்ணாடி ஒட்டியிருக்கும், அப்போ அழுத்தம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போறதே இல்ல, நீங்க இன்னும் அழுத்துவீங்க. தேய்ச்சுப் போச்சுன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, சில பேருக்குப் போயிருக்கலாம். ஆனா என்கிட்ட வந்த ஒரு மெஷின இன்னும் மறக்கல, ஒரு பச்சைப் புள்ளிக்காகப் பென்சில் பின்பக்க ரப்பரால ஒரு சாயங்காலம் முழுக்க அழுத்தியிருக்கார், புள்ளி அப்படியே இருந்துச்சு, அதச் சுத்திக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு வந்திருச்சு, பின்னாடி இருக்கிற பேக்லைட் ஷீட் நசுங்கினதோட அடையாளம் அது. கருப்புல மட்டும் தெரிஞ்ச ஒரு குறை இப்போ எல்லாக் கலர்லயும் தெரியற குறையா ஆயிடுச்சு, அதோட அழுத்தத் தடம் இருந்தா அத வாங்கினவர் பண்ணின சேதம்னு எழுதி வாரண்டியத் தர மாட்டாங்க, அவருக்கும் தரல. புது பேனல் போட வேண்டியதாப் போச்சு. ஹேர் டிரையர் காட்டறது, ஐஸ் வைக்கிறது, இதையெல்லாமும் யாராவது சொல்லுவாங்க, எதையும் பண்ணாதீங்க.

இனி ரிட்டர்ன். ரிட்டர்னும் வாரண்டியும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைச்சு, "ஒரு வருஷம் வாரண்டி இருக்கே, மெதுவாப் பாத்துக்கலாம்"னு விட்டுடறாங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க. ஒரு ஸ்கிரீன்ல எத்தனை பிக்சல் கெட்டா அது பழுதுன்னு கணக்குன்றதுக்கு 2001-ல ஐஎஸ்ஓ-ன்ற சர்வதேசத் தர அமைப்போட 13406-2ன்னு ஒரு தரநிலை வந்துச்சு, 2008-ல அதுக்குப் பதிலா ஐஎஸ்ஓ 9241-307 வந்துச்சு. பழைய தரநிலைல ரெண்டாம் வகுப்பு ஸ்கிரீன்னா பத்து லட்சம் பிக்சலுக்கு முழுசா எரிஞ்சே நிக்கிறது 2, முழுசா இருண்டது 2, சப்பிக்சல் கோளாறு 5 வரைக்கும் இருக்கலாம்னு எழுதியிருந்தாங்க. உங்க ஸ்கிரீனுக்கு அது இருபது லட்சத்துக்கு மேல, ஆக பத்து சப்பிக்சல் கெட்டிருந்தாலும் அந்தக் கணக்குல அது நல்ல ஸ்கிரீன்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தமா பிக்சல் பாலிசி உண்டு, சிலது இதவிடக் கறார், டெல் தன்னோட அல்ட்ராஷார்ப் மானிட்டர்களுக்கு எரிஞ்சே நிக்கிற பிக்சல் ஒண்ணு இருந்தாலும் மாத்தித் தர்றதா வாக்குக் குடுக்குது, ஆனா அது மானிட்டருக்கு, எல்லா லேப்டாப்புக்கும் அப்படி எதிர்பாக்க முடியாது. உங்க மாடலோட வாரண்டிப் பேப்பர்ல இந்தப் பகுதியத் தேடி ஒரு தடவ படிங்க, எரியறதுக்கு ஒரு எண்ணும் இருண்டதுக்கு வேற எண்ணும் போட்டிருக்கலாம். எரியறதுதான் மோசம்னு தயாரிக்கிறவங்களுக்கும் தெரியும், ஃபேக்டரிலயே எரிஞ்சு நிக்கிற பிக்சலை லேசரால சுட்டு இருண்டதா மாத்தி அனுப்புற வழக்கமே உண்டு.

இதனால நடைமுறைல என்ன ஆகும்னா, ஒரே ஒரு பச்சை சப்பிக்சலுக்கு வாரண்டில பேனல் மாத்திக் குடுங்கன்னு கேட்டா "அனுமதிச்ச அளவுக்குள்ள இருக்கு"ன்னு பதில் வர வாய்ப்பு அதிகம். ரிட்டர்ன் அப்படியில்ல, அது விக்கிறவங்களோட விதி, பல இடத்துல காரணமே கேக்க மாட்டாங்க, கேட்டாலும் ஸ்கிரீன்ல குறைன்னு ஃபோட்டோவக் காட்டினாப் போதும். அந்தக் கதவு சில நாள்தான் திறந்திருக்கும். அதனாலதான் முதல்லயே தேதியப் பாருங்கன்னு சொன்னேன், வீடியோவ ஓட்டிக்கிட்டே "நாளைக்குப் போயிடும், நாளைக்குப் போயிடும்"னு அந்த நாள்களத் தொலைச்சவங்க நிறைய பேர். இப்போதைக்குப் பெட்டி, உள்ள இருக்கிற தெர்மோகோல், சார்ஜர், பேப்பர் எதையும் தூக்கிப் போடாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, உங்க ஃபைல் எல்லாத்தையும் அதுலயே குவிக்காதீங்க. அனுப்புற அன்னைக்கு அக்கவுண்ட் எல்லாத்துல இருந்தும் வெளிய வந்து ரீசெட் பண்ணிட்டுக் குடுங்க.

திருப்பித் தரலாமா வேண்டாமான்னா, உங்க இடத்துல நான் இருந்தா தருவேன். புள்ளி நடுவுக்குப் பக்கத்துல இருக்கு, பச்சை, ராத்திரி படம் பாக்கறீங்க, டார்க் தீம் வேற வெச்சிருக்கிறதா எழுதியிருக்கீங்க, தினமும் கண்ணுல படும். இதே புள்ளி கீழ ஓரத்துல டாஸ்க்பார் பக்கம் நீலமா இருந்திருந்தா நானே "விடுங்க"ன்னு சொல்லியிருப்பேன். ஆனா மாத்தி வர்ற மெஷின் குறையே இல்லாம வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது, அதுல ஓரத்துல வெளிச்சம் கசியலாம், இன்னொரு இடத்துல ஒரு புள்ளி இருக்கலாம். வந்த அன்னைக்கே அந்த அஞ்சு கலரையும் வெச்சுப் பாத்துடுங்க, கருப்ப இருட்டுல பாருங்க.

ஒருவேளை தேதி தாண்டிப் போயிருந்தா, பயப்பட வேண்டாம்னு மட்டும் சொல்றேன். இது பரவாது, ஒவ்வொரு சப்பிக்சலுக்கும் தனி டிரான்சிஸ்டர், ஒண்ணு கெட்டா பக்கத்துல இருக்கிறதுக்கு ஒட்டிக்கிற நோய் கிடையாது. புதுசா ரெண்டாவது மூணாவது புள்ளி வர ஆரம்பிச்சா அது வேற கதை, அப்போ ஒவ்வொண்ணையும் தேதியோட ஃபோட்டோ எடுத்து வைங்க, வாரண்டில கேக்கும்போது அந்த எண்ணிக்கை உதவும். ஒரு புள்ளிக்காகக் காசு குடுத்துப் புது பேனல் போடறத நான் யாருக்கும் சொல்றதில்ல, வெளிய தனியாக் கிடைக்கிற பேனலும் இதே மாதிரி அனுமதி அளவோடதான் விக்குது, மாத்தின பேனல்லயும் ஒரு புள்ளி இருந்தா யாரையும் கேக்க முடியாது.

அஞ்சு கலர்லயும் என்ன தெரிஞ்சுது, பேனல் ஐபிஎஸ்ஸா ஓஎல்இடியா, ரிட்டர்னுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு, இந்த மூணையும் எழுதுங்க. சிவப்புல மஞ்சளாத் தெரியலேன்னா நான் மேல சொன்னதுல பாதி மாறும், அப்போ திரும்ப முதல்ல இருந்து பாக்கலாம்.